அக்கா சொன்ன பந்தயம்

எதை வாங்கினாலும் வாங்கியபடி திருப்பித் தரத் தெரியாதவள் அக்கா. கிண்ணம் இரவல் போனால் உள்ளே ஏதாவது இட்டுத்தான் திரும்பி வரும். அதை எல்லோரும் செய்வார்கள். அவள் வார்த்தைக்கும் அதையே செய்தாள். ஒருவர் வாயிலிருந்து வாங்கி அடுத்தவர் காதில் போடுவதற்குள் நடுவழியில் ஒரு சமையல் நடந்துவிடும். காரம் குறைந்திருக்கும், வெல்லம் சேர்ந்திருக்கும், சில நாள் குழம்பே பாயசமாகியிருக்கும்.

சும்மா உட்காரவும் தெரியாதவள். தீவின் விமான நிலையத்தை ஒட்டிய பிளேன் மாக்னியனில் அப்போது யாருக்குத்தான் தெரிந்தது? தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. கரும்பு வெட்டியவர்களின் பெண்கள் ஸ்வெட்டர் ஆலைக்கு ஓடினார்கள், கரும்பு வண்டி ஓட்டியவர்கள் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரை ஓட்டல்களுக்கு ஓடினார்கள். ஊரே ஒரு காலை வாசற்படியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது.

நான் அங்கே ஓடத் தெரியாமல் போய்ச் சேர்ந்தேன். என் கணவர் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர். நான் அக்கா என்று கூப்பிட்ட வீட்டுக்காரியின் பின்பக்க அறையில் குடியிருந்தோம். எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஊர் பேசியது க்ரியோல், தொலைக்காட்சி பேசியது பிரெஞ்சு. நடுவில் அக்கா நின்றாள்.

அவளுடைய தமிழ் கோயிலில் கற்றது. தேவாரம், அர்ச்சனை, காவடிப் பாட்டு, விரத நாள், உறவுமுறை. அதற்கு வெளியே அவளிடம் சொல் குறைவு. ‘ர’ தொண்டைக்குள் உருண்டு வெளியே வரும். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டே உலகம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்ற தைரியம் அவளிடம் இருந்தது. பேருந்து நெரிசலைச் சொல்ல வேண்டுமென்றால் “பெரிய திருவிழா” என்பாள். ஆலை மேஸ்திரி முறைத்தால் “நெத்திக்கண்ணு.” வயிற்றுவலி வந்தால் “உள்ளே தாண்டவம்.”

அக்கா வேலை செய்த ஆலையின் முதலாளிகளில் ஒருவர் ஹாங்காங்காரர். அவர் ஆங்கிலத்தில் கத்துவதை அக்காதான் பெண்களுக்கு க்ரியோலில் சொல்ல வேண்டும். ஒருநாள், நாளையும் இப்படித் தையல் கோணினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் மேசையைத் தட்டியிருக்கிறார். அக்கா திரும்பி, “பாவம், ராத்திரி தூங்கல போல, கண்ணெல்லாம் சிவப்பு. சீக்கிரம் முடிச்சா அவரும் போய்த் தூங்குவார்” என்றிருக்கிறாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். “ஏன் சிரிக்கிறார்கள்?” என்று அவர் உறும, “வெட்கப்படுகிறார்கள் சார், இந்த ஊரில் வெட்கம் இப்படித்தான்” என்றாளாம். மறுநாள் தையல் நேராக வந்தது என்று ஆலைப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். பயந்ததாலா, இரக்கத்தாலா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கோயிலிலும் அப்படித்தான். ஒலிபெருக்கி கரகரக்கிறது என்று என் கணவர் ஒரு மாலை எரிந்து விழுந்தார். “இதுக்கு முன்னாடி உக்காந்து மனுஷன் வாசிப்பானா? தகர டப்பா!” கோயில் தலைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். அக்கா க்ரியோலில் ஏதோ சொன்னாள். தலைவர் முகம் மலர்ந்து என் கணவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்குப் புது ஒலிபெருக்கி வந்துவிட்டது. என்னதான் சொன்னாய் என்று துருவிக் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

“மாமா வாசிப்பு ஏரோப்ளான் வரைக்கும் போகணும்னு ஆசைப்படறார், சொன்னேன். பொய்யா?”

பொய் என்று சொல்ல வாய் வராது. அதுதான் அவளிடம் உள்ள தொல்லை.

அந்த வருடம்தான் தொலைக்காட்சியில் அந்தப் பந்தயக் கார் கார்ட்டூன் வந்தது. ஜப்பான்காரர்கள் வரைந்தது, பிரெஞ்சில் பேசியது. சாயங்காலம் ஆலை வண்டி பெண்களை இறக்கிவிட்டதும் அவர்களில் பாதிப்பேர் தம் வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக் கூடத்துக்குத்தான் வருவார்கள். தலையில் நூல் தும்பு ஒட்டியிருக்கும், செருப்பைக் கழற்றக்கூட நேரமிருக்காது. அக்காவின் சித்தப்பா விமான நிலையத்து டாக்ஸிக்காரர். ஊரே அவரைத் தோன்தோன் என்று கூப்பிடும். க்ரியோலில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது ஒன்றே. அந்த அரைமணி நேரத்துக்காக அவர் சவாரியையே விட்டுவிட்டு வருவார். பெரியவர்கள் பார்க்கும் படமா என்று கேட்டால், “நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன். நீ என்ன பிடிக்கிறே, கரண்டியா?” என்பார்.

கதை எளிமையானது. அண்ணன் தம்பி இரண்டுபேர், இருவரும் பந்தயக்காரர்கள். அண்ணன் ஓட்டினால் கார் தண்ணீர் போல வளையும், தம்பி ஓட்டினால் கோபம்போல முட்டும். எனக்கு அது எளிமையானதென்று எப்படித் தெரியும்? என் காதருகே அக்கா இருந்தாள்.

“தேர் புறப்பட்டாச்சு. தம்பி அவசரம். அண்ணன் சிரிக்கிறார். இப்போ அபிஷேகம், பால் ஊத்தறாங்க” என்பாள் பெட்ரோல் நிரப்பும்போது. சக்கரம் மாற்றினால் “பாதம் மாத்தறாங்க.” எல்லைக்கோடு அவளுக்குச் சன்னதி. தோற்றுப்போனவன் தலைகவிழ்ந்து நின்றால், “விரதம் சரியில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

கூடத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. அவள் எனக்கு என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரு கதையைப் பார்த்தார்கள். நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

அப்போது நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. கதை பாதி போனபோது ஒரு மழைப் பந்தயம் வந்தது. மலைச் சாலை, கீழே கடல், ஒரே மூடுபனி. அண்ணனின் கார் திரும்பிற்று, பிறகு திரையில் பனி மட்டும்தான். கூடத்தில் ஒரு பெண் விம்மினாள். தோன்தோன் எழுந்து வெளியே போய்விட்டார்.

“என்னாச்சு அக்கா?”

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

“அண்ணன் மலைக்குப் போறார். கோவம் இல்லை. சாமியார் மாதிரி கொஞ்ச நாள் இருப்பார்.”

“அதுக்கு ஏன் அழறாங்க?”

“ஆயோ, போறாருன்னு அழமாட்டாங்களா?”

அடுத்த வாரம் கறுப்புக் குடைகளோடு வரிசையாக ஆட்கள் நின்றார்கள். பரிசு கொடுக்கப்போகிறார்கள், மழை பெய்கிறது என்றாள். அதன் பிறகு அண்ணன் அவ்வப்போது வெள்ளை வெள்ளையாக மங்கித் தெரிந்து தம்பியோடு பேசினான். மலையில் பனி என்றாள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்த சந்தேகத்தை உட்காரவைத்துக் காபி கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கடைசி வாரம் தம்பி ஜெயித்தான், தலைக்கவசத்தைக் கழற்றி மேலே பார்த்தான். “அண்ணன் பாலத்து மேல நிக்கிறார், நமக்குக் காட்டல. ரெண்டுபேரும் ஒண்ணா வீட்டுக்குப் போவாங்க” என்று அக்கா முடித்துவைத்தாள். நான் கைதட்டினேன். கூடத்தில் நான் மட்டும்தான் கைதட்டினேன்.

தைப்பூசத்தன்று எனக்கு வலி கண்டது. என் கணவர் ஊர்வலத்தின் முன்னால் வாசித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அக்கா பால்குடம் எடுக்க விரதமிருந்தவள். குடத்தை இன்னொருத்தி தலைக்கு மாற்றிவிட்டு, ரோஜா நிறப் புடவையும் திருநீறும் வெறுங்காலுமாக, தோன்தோனின் டாக்ஸியில் என்னை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளை தங்கவில்லை.

டாக்டர் நெடுநேரம் பிரெஞ்சில் பேசினார். பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையில் அக்காவின் புழுதிப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவர் போனதும் என் நெற்றியில் கை வைத்தாள்.

“டாக்டர் சொல்றார், பூ விழுந்துச்சு. மரம் நல்லா இருக்கு. இன்னும் பூ வரும். அவசரம் வேணாம்.”

டாக்டர்கள் அப்படியா பேசுவார்கள்? நான் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை வாங்கி முடிந்துகொண்டேன். மாதாமாதம் அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்தேன். என் கணவரிடமும் அதைத்தான் சொன்னேன். ஊரிலிருந்து என் மாமியார் கேட்டு எழுதியபோதும் அதைத்தான் எழுதினேன். மரம் நல்லா இருக்கு. அவசரம் வேணாம். காத்திருப்பது ஒரு வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, ஆனால் அந்த வருடங்களில் நான் அதைத் தவிர வேறெதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. நடந்தேன், நின்றேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பினேன். சந்தையில் பேரம் பேசிப் பேசி க்ரியோல் வந்துவிட்டது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்து உட்கார்ந்து பிரெஞ்சும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அக்கா அதைக் கவனிக்கவில்லையோ, கவனிக்காதது போல இருந்தாளோ, காதருகே சொல்வதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

பந்தயக் கார்ட்டூனுக்கு இரண்டாம் பாகம் எடுத்திருக்கிறார்கள், ரியூனியன் தீவுத் தொலைக்காட்சியில் ஓடுகிறது என்ற செய்தியைத் தோன்தோன்தான் விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்தார். கூடத்துக்குத் தீப்பிடித்தது.

“எதுக்குய்யா இன்னொண்ணு?” என்றாள் ஓர் ஆலைப் பெண். “மிச்சம் என்ன இருக்கு சொல்ல?”

“நிறைய இருக்கு. தம்பி என்ன ஆனான், தெரிய வேணாமா?”

“ஜெயிச்சான். போதாதா? இனிமே என்ன எடுத்தாலும் தோக்கத்தான் வைப்பாங்க.”

“தோத்தாலும் பரவால்ல, பார்க்கணும்” என்றார் தோன்தோன். “மோ தீர் த்வா, நான் சொல்றேன் கேட்டுக்கோ, நல்லா இருக்காது. ஆனா பார்க்காம என்னால தூங்க முடியாது.”

வாரக்கணக்கில் இதே பேச்சு. ஆலை வண்டியில், குழாயடியில், கோயில் பிரசாத வரிசையில். பழசைப்போல இருந்தால் பழசையே பார்க்கலாமே. பழசைப்போல இல்லாவிட்டால் எதற்கு அந்தப் பெயர்? ரசிகனுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தியில்லை என்று என் கணவர்கூட நாதஸ்வரத்தைத் துடைத்தபடி சொன்னார். போன வருடம் வாசித்த தோடியைத்தான் இந்த வருடமும் கேட்பார்கள், வாசித்தால் போன வருடம் போல இல்லை என்பார்கள்.

அக்கா மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. எதையும் முடியவிடாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறவள், இதில் மட்டும், “முடிஞ்சது நல்லா முடிஞ்சது. விடுங்க” என்று எழுந்து போனாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கேசட் வந்தது. ரியூனியனில் இருந்த தோன்தோனின் மச்சான் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து, விமானத்தில் வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியது. நடுநடுவே அந்தத் தீவின் சோப்பு விளம்பரமும் புயல் எச்சரிக்கையும் ஓடின. காரின் நிறம் மாறியிருந்தது. தம்பியின் குரல் வேறு யாருடையதோ. “இது அவன் இல்லை” என்று முதல் நிமிடத்திலேயே ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

தம்பி ஒரு மலைச் சாலையில் நடந்துபோய் ஒரு கல்லின் முன் பூ வைத்தான். கல்லில் அண்ணனின் முகம். அவன் பேசியது எனக்குப் புரிந்தது. நீ இறந்ததிலிருந்து நான் மழையில் ஓட்டவில்லை அண்ணா என்றான்.

காதருகே அக்காவின் குரல். “தம்பி மலைக்கு வந்திருக்கார். அண்ணன் வீட்டில் இல்லை. பூ வெச்சுட்டுப் போறார்.”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் தோன்தோன் க்ரியோலில் சலித்துக்கொண்டார். “அண்ணன் சாகற அந்த மழைப் பந்தயம் இருக்கே, அதுக்கப்புறம் இவனுங்க என்ன காட்டினாலும் எடுபடாது.”

செத்தது ஒரு கார்ட்டூன் அண்ணன்தான். என் மனம் அண்ணனிடம் நிற்கவில்லை. அது வெள்ளைச் சுவரும் வெறுங்காலுமாக இருந்த அந்த அறைக்கு ஓடிப்போய் நின்றது. அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார்?

மறுநாள் காலை அவள் கொல்லைப்புறத்துத் துவைகல்லில் துணியை அறைந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்றேன்.

“அண்ணன் அப்பவே செத்துட்டார் இல்ல?”

துணி கல்லிலேயே நின்றது. “உன் வயித்துல பிள்ளை. பிள்ளைக்காரிகிட்ட சாவு சொல்லுவாங்களா யாராவது?”

“அப்புறம்?”

“அப்புறம் பிள்ளை இல்லை. அப்போ எப்படிச் சொல்றது?”

“ஆஸ்பத்திரியில அக்கா… டாக்டர் என்ன சொன்னார்?”

மேலே விமானம் ஒன்று இறங்கியது. அது போகும் வரை அவள் காத்திருந்தாள். போன பிறகு துணியை எடுத்துப் பிழிந்தாள்.

“கஷ்டம், சொன்னார்.”

“கஷ்டமா? முடியாதா?”

“நான் பூ வரும் சொன்னேன். தங்கச்சி, நான் சாமிகிட்டயும் அதையேதான் சொன்னேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சொன்னா நடக்கும்னு நினைச்சேன்.”

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் எனக்குக் கொடுத்தது பொய். அந்தப் பொய்யில்தான் நான் அத்தனை நாளும் எழுந்து பல் துலக்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போவேன் என்றேன். அவள் கேட்கவில்லை, ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் டாக்டர் அறை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே நான் மட்டும் போனேன். என் ஓட்டைப் பிரெஞ்சைக் கேட்டு அவர் மெதுவாகப் பேசினார், படம் வரைந்து காட்டினார். அன்றைக்கே சொன்னேன் அம்மா, உங்களோடு வந்தவரிடம். உள்ளே சேதம் அதிகம். வாய்ப்பு அநேகமாக இல்லை. நம்பிக்கொண்டு காத்திருக்காதீர்கள், உங்களை அது தின்றுவிடும்.

வெளியே வந்து சொன்னேன். அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“நீ இரு. உனக்குப் பிரெஞ்சு சரியா வராது. நான் பேசறேன்.”

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அவள் குரல் ஏறுவது கேட்டது. க்ரியோல், பிரெஞ்சு, இடையில் ஒரு முருகா. டாக்டரின் குரல் தாழ்வாக, மாறாமல் இருந்தது. மறுபடி அவள் குரல். பேரம் பேசுகிறாள். சந்தையில் மீன்காரரிடம் பேசுவது போல, இன்னும் கொஞ்சம் போடுங்கள், இவ்வளவுதானா என்று, அந்த மனிதரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தையாவது வாங்கிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறாள். பிறகு சத்தமே இல்லை.

வந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு ஆசை இருந்தது.

“நீ சரியாத்தான் கேட்டிருக்கே” என்றாள்.

நான் பார்த்தவரை அவள் ஒரு வார்த்தையை வாங்கியபடியே கொண்டுவந்து கொடுத்தது அன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பேருந்தில் இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். கரும்புக் காடு ஓடியது, ஆலைக் கூரை ஓடியது, மறுபடி கரும்பு. என் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. பிற்காலத்தில் அதை யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கேசட்டின் மிச்சத்தைப் பார்க்கக் கூடம் நிறைந்தது. அடுத்த நாள் அது வேறு வீட்டுக்குப் போக வேண்டும். நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் நிற்கவில்லை, போனேன். அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள், என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல். ஆனால் காதருகே எதுவும் சொல்லவில்லை. படம் ஓடியது. தம்பி யாரோடும் ஒட்டாமல் இருந்தான். வசனமெல்லாம் எனக்குப் புரிந்தது, பாதிக்குமேல் புரிந்தது, சப்பென்று இருந்தது. ஆலைப் பெண்கள் கொட்டாவி விட்டார்கள். “சொன்னேன் இல்ல, பழசு பழசுதான்” என்று தோன்தோன் முனகினார். ஆனாலும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கடைசிப் பந்தயம். திரையில் மழை தொடங்கிற்று. தம்பி காரில் ஏறாமல் நின்றான்.

“சொல்லுங்க அக்கா” என்றேன்.

“என்ன சொல்றது? உனக்குத்தான் எல்லாம் புரியுதே.”

“புரியுது. அதனாலதான் கேக்கறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து என் காதருகே வந்தாள்.

“தேர் நிக்குது. தம்பிக்கு பயம். பக்கத்தில் ஒருத்தர் வந்து உக்காரார், பாரு, கதவு தானா திறக்குது…”

கதவு திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.